இரண்டாவது ஒலி

சனிக்கிழமை மத்தியானம் தம்பி அவளுடைய தையல் இயந்திரத்தை மேசையிலிருந்து தரையில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் வீடியோ கேமராவை வைத்தான்.

“இங்கதான் வெளிச்சம் இருக்கு, அக்கா.”

“பேசுறதுக்கு வெளிச்சம் எதுக்கு?”

“பட்டன் தெரியணும்ல.”

அவள் இயந்திரத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். அறையில் ஏற்கெனவே இடம் இல்லை. கூரையில் போர்வை அளவுக்கு ஒரு கறை. அதன் ஓரங்கள் பழுப்பாக இருந்தன. நேர் கீழே ஒரு வாளி. பள்ளிச் சட்டைகளுக்கான வெள்ளைத் துணிக்கட்டுகளை எதிர்ச் சுவரோடு சேர்த்து அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தாள். போன முறை கொடுத்தனுப்பிய சட்டைகளில் சிலவற்றின் காலரில் பழுப்புச் சொட்டு இருந்தது. பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்கள். பள்ளி திறக்க அதிக நாள் இல்லை.

ஒழுகுவது மேல்வீட்டிலிருந்துதான். மேல்வீட்டுக்காரர் இல்லை என்றார். இந்த அறைக்கு நேர் மேலே இருக்கும் குளியலறையைத் தாங்கள் புழங்குவதே இல்லை, அதில் பழைய சாமான்தான் கிடக்கிறது, மழைத்தண்ணீர் வெளிச்சுவர் வழியாக இறங்குகிறது என்றார். மழை பெய்யவே இல்லை என்று அவள் சொன்னாள். போன வருஷத்து மழை என்றார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இது பெரிய சண்டையாகிவிட்டது. அவள் கத்தினாள். அவரும் கத்தினார். யாரோ எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. செயலாளர் மேசையைத் தட்டி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“இனிமே நேருக்கு நேர் பேச்சே வேண்டாம். உங்க கம்ப்ளெயிண்ட் என்னவோ வீடியோ எடுத்து, சொல்ல வேண்டியதை அதுலயே சொல்லிக் கொண்டாங்க. போட்டுப் பார்ப்போம். படம் ஓடுறப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது வாங்கிய கேமரா இருந்தது. கேட்டதும் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை கூரை சொட்டவில்லை, கொட்டியது. அவளுடைய கணவர் ஸ்டூல்மேல் ஏறி, கேமராவைக் கூரைக்குப் பக்கத்தில் பிடித்து எல்லாவற்றையும் எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விழவில்லை. வாளி காய்ந்து கிடந்தது. வேண்டாத நேரத்திலெல்லாம் ஒழுகிய கூரை, வேண்டும் என்று காத்திருந்தபோது ஒழுகவில்லை. ஆக, கையில் இருப்பது அந்த ஒரு டேப்தான். நாளைக் காலை கூட்டம்.

கணவரும் வந்து உட்கார, மூவரும் டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். கேமராவின் திரை உள்ளங்கை அளவு. ஒலிபெருக்கி சட்டைப் பொத்தான் அளவு. படம் நன்றாகவே இருந்தது. குரல்கள்தான் பிரச்சினை.

“தள்ளு. நீ மறைக்கிற.” இது கணவர்.

“நான் மறைக்கலை. துணியை எடுக்கிறேன். நீங்களும் இறங்கி வந்து பிடிங்களேன்.”

“படம் எடுக்கிறேன்ல?”

“ஆமா, பெரிய படம். வீடு மிதக்குது, உங்களுக்குப் படம். அந்த செக்ரட்டரிகிட்டயும் போய்ச் சொன்னேன். வெயில் அடிச்சா தானா காஞ்சிடும்மான்னாரு. அவரு மண்டைக்குள்ளதான் வருஷம் பூரா காஞ்சு கிடக்கு.”

டேப்பில் கணவர் சிரித்தார். படம் குலுங்கியது.

தம்பி நிறுத்தினான். அதற்குமேல் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“இதையா செக்ரட்டரி முன்னாடி போடப்போறீங்க?”

“நீங்க எதுக்கு சிரிச்சீங்க?” என்றாள் அவள் கணவரிடம்.

“நீ எதுக்கு சொன்ன?”

“சண்டை அப்புறம் போடுங்க, மாமா,” என்றான் தம்பி. “இதுல ஒரு வசதி இருக்கு. படத்தைத் தொடாம குரலை மட்டும் புதுசா பதியலாம். படம் ஓடும். மைக்ல பேசணும். அவ்வளவுதான்.”

“பழைய பேச்சு?”

“புதுசு வந்தா பழசு போயிடும். சட்டைமேல சட்டை போட்டா உள்ள இருக்கறது தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் அவள். “வெள்ளைத் துணியா இருந்தா.”

தம்பி கேமராவின் கையேட்டைப் பிரித்தான். எழுத்து எறும்பு வரிசைபோல் இருந்தது. ஒரு பக்கம் படித்தான். மீதியைப் படித்ததுபோல் புரட்டினான். மைக்கைச் செருகினான்.

யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரே கேட்கும் குரல். வெந்நீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், முதுகை நிமிர்த்தினார். தம்பி விரலை ஆட்டினான். படம் ஓடியது.

“அன்பான பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

“மேல்தளத்திலிருந்து புறப்பட்டு, தையல் அறை வழியாக வாளி வரை செல்லும் நீர், தற்போது கூரையின் மூலையில் வந்துகொண்டிருக்கிறது. அன்பான பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு. மேல்தளத்திலிருந்து புறப்பட்டு…”

“நிறுத்து,” என்றாள் தம்பியிடம்.

“ஏன்? நல்லாத்தானே போச்சு?”

“எதுக்குங்க ரெண்டு தடவை சொல்றீங்க?”

“ரெண்டு தடவை சொன்னாத்தான் ஜனங்களுக்குப் புரியும்.”

“அங்க வண்டியைப் பிடிக்க ஓடுறவங்க இருக்காங்க. இங்க உட்கார்ந்து பார்க்கப்போறாங்க. ஒரு தடவை சொன்னாப் போதும்.”

டேப்பை ஓட்டித் திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை அவர் ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ரயில் பெட்டியைக் கோக்கலாம். படம் வாளியைக் காட்டியபோது அவர் கூரையில் இருந்தார். படம் சுவருக்குப் போனபோது அவர் வாளிக்கு வந்தார். “இதோ நீங்கள் காண்பது சேதமடைந்த துணிகள்” என்றபோது, திரையில் தெரிந்தது அவளுடைய முதுகு.

“நான் சேதமடைஞ்ச துணியா?”

“படம் வேகமா ஓடுது.”

“படம் ஓடுற வேகத்துலதான் ஓடும். நீங்க எடுத்த படம்.”

மூன்றாவது முறை எல்லாம் பொருந்தி வந்தது. பாதியில் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் உறுமத் தொடங்கியது. அது நிற்கும்வரை மூன்று பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறை, “தற்போது வந்துகொண்டிருக்கிறது” என்பதை மட்டும் விடச் சொல்லியிருந்தாள். அவர் அதை விட்டுவிட்டு, “வருகைக்கு வருந்துகிறோம்” என்றார். தம்பிக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அதுவும் பதிவானது.

“என்ன மச்சான், நான் என்ன காமெடியா பண்றேன்?”

“இல்ல மாமா. தூசி.”

“தொழில் பண்றவன் குரலைப் பார்த்து சிரிக்கிறீங்க அக்காவும் தம்பியும்.”

அவள் வாளியை நகர்த்தி வைத்தாள். பேசினால் வேறு மாதிரி வரும் என்று தெரிந்திருந்தது. நாளைக்கு இந்த டேப் சரியாக இல்லை என்றால் கூரை அப்படியே இருக்கும். கூரை அப்படியே இருந்தால் சட்டைகள் போகும். சட்டைகள் போனால் அந்தப் பள்ளி போகும். பிறகு இந்த அறையில் தைக்க ஒன்றும் இருக்காது. இதைச் சொன்னால், கணவர் முதலில் ஒரு தம்ளர் வெந்நீர் கேட்பார்.

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை வேலைக்குக் கிளம்ப வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டே, “எழுதி வச்சிருங்க. வந்து ஒரே மூச்சுல பேசிடறேன்,” என்றார்.

“பேட்டரி அதுவரைக்கும் தாங்காது, மாமா.”

“சார்ஜ் போடு.”

“சார்ஜர் என் வீட்டுல இருக்கு.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். படியிறங்கும்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் போனார்.

அவள் மைக்கை எடுத்தாள்.

“நீயா பேசப்போற?”

“வேற யாரு இருக்கா? வாளியா?”

“கோபப்படாம பேசுவியா, அக்கா?”

“ஓட்டுடா.”

எழுதிவைக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பேசினாள். கூட்டங்களில் பேசும்போது அவளுக்கு முதல் வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும். இப்போது எதிரில் யாரும் இல்லை. உள்ளங்கை அளவுத் திரை மட்டும்.

“இது எங்கள் வீட்டுத் தையல் அறை. கூரையில் தெரிவது தண்ணீர்க் கசிவு. இது மழைக்காலம் அல்ல. இந்த வெள்ளைத் துணிகள் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைக்காக வந்தவை. இதில் கறை பட்டால் போகாது. செயலாளர் அவர்களிடம் பலமுறை பணிவுடன் தெரிவித்திருக்கிறோம். யாரையும் குறைசொல்ல இதைக் காட்டவில்லை. மேல்வீட்டில் குழாயைத் திறந்து பார்த்துச் சரிசெய்தால் போதும். எனக்கு இந்த அறை வேண்டும்.”

படம் முடியும் இடத்தில் பேச்சும் முடிந்தது. தம்பி பட்டனை அழுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா, நீயா இது?”

“போட்டுக் காட்டு.”

போட்டான். “தள்ளு. நீ மறைக்கிற,” என்றது கேமரா.

அவள் மைக்கை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். தம்பி பயந்து மெனுவுக்குள் போனான். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். கடைசியில் ஒரு கோடு கிடைத்தது. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் இரண்டு. நடுவில் நகரும் ஒரு புள்ளி ஒன்றின்மேல் இருந்தது. அதை இரண்டுக்குத் தள்ளினான். “இது எங்கள் வீட்டுத் தையல் அறை,” என்றது கேமரா.

“வந்துடுச்சு!”

“அப்ப பழசு?”

“அதான் தள்ளியாச்சே. போச்சு.”

“நல்லாத் தெரியுமா?”

“அக்கா, கேமரா யாரோடது?”

அவன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சார்ஜ் போட வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்ட அறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சண்டை இருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கீழ்வீட்டு டாக்டரம்மா தன் பெரிய டிவியைக் கொடுத்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். மேல்வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. செயலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

“ஞாபகம் இருக்குல்ல? படம் ஓடுறப்ப ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.”

தம்பி பேட்டரியைச் செருகினான். கம்பியை மாட்டினான். ஓட்டினான்.

“தள்ளு. நீ மறைக்கிற.”

அறை முழுக்க அவளுடைய கணவர் குரல். ஆளுயர ஒலிபெருக்கிகள் தங்கள் வேலையைச் செய்தன. தம்பி கேமராவின் மேல் குனிந்தான். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் அந்தப் புள்ளி தன் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. கையேட்டில் அவன் படிக்காமல் புரட்டிய பக்கத்தில் அது இருந்தது. பழைய ஒலி எங்கேயும் போகவில்லை. புதியது அதன் பக்கத்தில் இன்னொரு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“நிறுத்துடா,” என்றாள் பல்லுக்கு நடுவில்.

“வாயைத் திறக்கக் கூடாது,” என்றார் செயலாளர்.

“சார், இது தப்பான…”

“தம்பி. உட்காருங்க.”

தம்பி உட்கார்ந்தான். டிவியில் துணிக்கட்டுகள் இடம் மாறின. தண்ணீர் கொட்டியது. அவளுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். எழுந்து ஓடலாம் என்று பார்த்தாள். வாசல் தூரத்தில் இருந்தது.

“…அவரு மண்டைக்குள்ளதான் வருஷம் பூரா காஞ்சு கிடக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்ற முயற்சியில் சில நாற்காலிகள் கிரீச்சிட்டன. டிவியில் மட்டும் அவள் கணவர் சிரித்தார். நேரில் அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கியபோது இன்னொரு சத்தம் கேட்டது. அடியில் ஏதோ சுற்றுகிற சத்தம். முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அதற்குமேல், சற்றுத் தள்ளி, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் ஓர் ஆண் குரல்.

“கீழ கத்துறாங்க பாரு. அந்த வாஷிங் மெஷினை நிறுத்து. நிறுத்துடி முதல்ல.”

சுற்றும் சத்தம் நின்றது. படத்தில் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீர் நூலானது. நூல் சொட்டானது. பிறகு அதுவும் நின்றது. “நின்னுடுச்சே!” என்றது டேப்பில் கணவரின் குரல், ஏமாற்றத்தோடு. படம் முடிந்தது.

அவர் அன்று கேமராவைக் கூரையோடு ஒட்டிப் பிடித்திருந்தார். கீழே நின்று கத்தியவர்களுக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருந்தது.

“அந்தக் கடைசி பாகத்தை இன்னொரு தடவை போடுங்க,” என்றார் டாக்டரம்மா.

தம்பி பின்னால் ஓட்டினான். அவன் விரல் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தியது.

“…அவரு மண்டைக்குள்ளதான் வருஷம் பூரா காஞ்சு கிடக்கு.”

இந்த முறை பின்வரிசையில் ஒருவர் இருமினார். மேல்வீட்டுக்காரர் எழுந்தார்.

“அது என் குரலே இல்ல. யாரோ பேசுறாங்க. அந்தப் பாத்ரூமை நாங்க புழங்குறதே இல்ல.”

“சரி. மறுபடியும் போடுங்க,” என்றார் டாக்டரம்மா. “நல்லா கேட்டுக்குவோம்.”

“அந்த இடத்துக்கு அப்புறமா இருந்து போடுங்க, தம்பி,” என்றார் செயலாளர். “அதுக்கு முன்னாடி வேண்டாம்.”

“சரி சார்.” அவன் ஓட்டினான். பதற்றத்தில் இன்னும் பின்னால் போய்விட்டது.

“அந்த செக்ரட்டரிகிட்டயும் போய்ச் சொன்னேன்…”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை மறைக்க அல்ல. செயலாளர் கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கவும் சுற்றும் சத்தம் வரவும் சரியாக இருந்தது. கீழ கத்துறாங்க பாரு.

மேல்வீட்டுக்காரர் மனைவி, கணவரைப் பார்க்காமல், நேராகச் செயலாளரிடம் பேசினார்.

“இவர் குரல்தாங்க. நான் அன்னிக்கே சொன்னேன், பிளம்பரைக் கூப்பிடுங்கன்னு. மெஷினை அங்க வச்சதுலேருந்து தண்ணி கீழ போகுதுன்னு தெரியும். யாராவது கேட்டாப் பார்த்துக்கலாம்னாரு. இவங்க கேட்டாங்க. அப்புறமும் பார்க்கலை.”

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?”

“படம் முடிஞ்சிடுச்சு. இப்ப பேசலாம்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேல்வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல உங்க வீட்டுக்குப் பிளம்பர் வருவாரு. தரையை உடைக்கணும்னா உடைப்பாரு. நான் வந்து நிப்பேன். வேற ஏதாவது சொல்லணுமா?”

மேல்வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.

“இதைக் காஞ்ச மண்டையை வச்சு யோசிச்சுதான் சொல்றேன்,” என்றார் செயலாளர்.

கூட்டம் கலைந்தது. அவள் அவரிடம் போய் நின்றாள். தம்பி முந்திக்கொண்டான்.

“சார், நாங்க மரியாதையா பேசித்தான் பதிஞ்சோம். அது வரலை. இருங்க, போட்டுக் காட்டறேன்.” புள்ளியைத் தள்ளினான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவள் குரல் ஒலித்தது. செயலாளர் அவர்களிடம் பலமுறை பணிவுடன் தெரிவித்திருக்கிறோம். யாரையும் குறைசொல்ல இதைக் காட்டவில்லை.

சுற்றும் சத்தம் இல்லை. மேல்வீட்டுக் குரல் இல்லை. செயலாளர் கடைசிவரை கேட்டார்.

“யாரும்மா இது பேசுறது?”

“நான்தாங்க.”

“அப்படியா?” கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “இதை மட்டும் போட்டிருந்தீங்கன்னா, வெயில் அடிச்சா காஞ்சிடும்னுதான் சொல்லியிருப்பேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் கணவர், “நான் பேசினது டேப்புல ஏதாவது மிச்சம் இருக்கா, மச்சான்?” என்று கேட்டார். இல்லை என்றான் தம்பி. அக்கா அதன்மேல்தான் பேசினாள். அந்த இடத்தில் மட்டும் புதியது வந்து பழையது உண்மையாகவே போய்விட்டது. “என்ன வசதியோ,” என்றார் அவர். அன்று முழுக்க வெந்நீர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் இயந்திரத்தை மேசைமேல் ஏற்றினாள். ஒரு சட்டைக்குக் கைப்பகுதி வைத்துக்கொண்டிருந்தபோது மேலே சம்மட்டி விழுந்தது. கூரை அதிர்ந்தது. கறை இருந்த இடத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து, வெள்ளைத் துணிமேல், இயந்திரத்தின்மேல், அவள் தலைமேல் விழுந்தது. கணவர் உள்ளே ஓடிவந்தார். கையில் கேமரா.

“எடுக்கவா?”

“அதைக் கீழ வைங்க. இந்தத் துணியைப் பிடிங்க.”

வைத்தார். பிடித்தார். இன்னொரு அடி விழுந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். கூரையோடு வாயை வைத்துக் கத்தினாள்.

“மெதுவா உடைங்கய்யா! கீழ துணி இருக்கு!”

சம்மட்டி நின்றது. மேலிருந்து மேல்வீட்டுக்காரர் குரல் வந்தது.

“கேக்குதும்மா, கேக்குது. எல்லாமே கேக்குது.”